நெய்வேலி, பத்து ஆராங், வீட்டுப் பத்திரம்

நான் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அகலமான சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என எல்லாம் பழுப்பு நிலக்கரி தந்தவை. 1957இல் தோண்டத் தொடங்கி 1961இல்தான் கரி கண்ணில் பட்டது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அம்மாவின் நாளையோ அப்பாவின் ஷிப்ட்தான் நடத்தியது. நைட் ஷிப்ட் முடித்து அவர் உறங்கும் காலைகளில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று, பருப்பை அம்மா பாத்திரத்திலேயே வேகவைப்பார். நாங்கள் சண்டை போடுவதென்றால் தெருவுக்குப் போக வேண்டும். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவர் அம்மா. அந்தச் சான்றிதழ் பீரோவை விட்டு வெளியே வந்ததே இல்லை.

சுரங்கம் மூன்று ஷிப்டும் ஓடும். ஆனால் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி பெண்களை நிலத்தடி வேலையில் இறக்கக் கூடாது என்றிருந்தது. மேலே என்றாலும் காலை 6 மணி முதல் இரவு 7 மணிவரைதான். 2019இல்தான் அது தளர்ந்தது. எங்கள் தெருவில் சம்பளம் வாங்கிய பெண்கள் என்றால் டீச்சரும் நர்ஸும்தான்.

அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். எல்லா குவார்ட்டர்ஸிலும் உள்ள நடைமுறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை வருடம் அந்த வீட்டை நடத்திய அம்மாவின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது நான் இருப்பது சிங்கப்பூரில். இங்கே எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பெரியம்மாவோடு பேச்சுக் கொடுத்தேன். மலேசியாவில், சிலாங்கூரின் பத்து ஆராங்கில் பிறந்தவராம். அதுவும் நிலக்கரி ஊர். 1960இல் சுரங்கத்தை மூடியதும் குடும்பம் இடம்பெயர்ந்திருக்கிறது. மணமாகிச் சிங்கப்பூர் வந்து, எழுபதுகளில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்திருக்கிறார். வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்கும்போது தன் பெயரில் மட்டும் இருக்கட்டும் என்றாராம் கணவர். "என் சேமநிதிப் பணமும்தானே போகிறது, என் பெயர் இல்லாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டேன், பிள்ளை" என்றார். கூட்டு உரிமை என்பதால், கணவர் இறந்தபின் வீடு முழுவதும் இவருக்கே வந்தது. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்று 1961இலேயே மாதர் சாசனம் என்ற சிங்கப்பூர்ச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனாலும் இவர் அன்று பிடிவாதம் பிடித்திராவிட்டால் பத்திரத்தில் பெயர் ஏறியிருக்காது.

என் கவலை இப்போது இளையவர்களைப் பற்றியது. இங்கே வேலை பார்க்கும் கணவரின் அனுமதியைச் சார்ந்து கிடைக்கும் சார்ந்திருப்போர் அட்டையில் (Dependant's Pass) வந்த பெண்கள் இங்கே பலர். 2021 மே முதல் அவர்கள் வேலைக்குப் போகத் தனி வேலை அனுமதி வேண்டும். கணவரின் வேலை போனால் இவர்கள் இங்கே தங்கும் உரிமையும் போய்விடும். இதுவும் குவார்ட்டர்ஸ் வாழ்க்கைதான் என்று எனக்குப் படுகிறது. எங்கள் மாடியில் நெய்வேலியிலிருந்தே வந்த ஒரு பெண் இருக்கிறாள், பொறியியல் பட்டதாரி. கையில் தனக்கென்று ஒரு வங்கிக் கணக்குகூட இல்லை. போன வாரம் கூடவே போய்க் கணக்குத் திறந்துவிட்டு வந்தோம். அடுத்து வேலை தேட வேண்டும். சிவில் படித்தவள்; அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தயாராக இருக்கும் நிறுவனம் எதுவும் தெரிந்தால் சொல்லுங்கள்.