வணிக வளாகங்களில் கடைக்கொரு மீட்டர் கட்டாயமாக வேண்டுமா?

முருகன்குறிச்சி தையல்காரர்:
நியூயார்க் நகரின் 2009-ஆம் ஆண்டு உள்ளூர்ச் சட்டம் எண் 88, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களில் விளக்குகளை மின்சிக்கன விதிப்படி மாற்றவும், பெரிய வணிக வாடகைதாரர்களுக்குத் துணை மீட்டர் (கட்டடத்தின் பொது மீட்டருக்குக் கீழே, ஒரு வாடகைதாரர் எரிப்பதை மட்டும் அளக்கும் மீட்டர்) வைக்கவும் உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்துகிறது. அதற்கான கெடு 2025 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. நெல்லை மாநகராட்சிக்கும் இப்படி ஒரு விதி வேண்டும். எங்கள் வளாகத்தில் மொத்தக் கரண்ட் பில்லைச் சதுர அடிக் கணக்கில் பிரிக்கிறார்கள். என் கடையில் மூன்று தையல் மிஷின், ஒரு மின்விசிறி. அதே அளவுள்ள பக்கத்துக் கடையில் இரவு பகலாக ஓடும் ஐஸ்கிரீம் பெட்டிகள். இருவருக்கும் ஒரே தொகை. இது எந்த ஊர் நியாயம்?

வண்ணார்பேட்டை கட்டடக்காரர்:
சட்டத்தை முழுதாகச் சொல்லுங்கள் அண்ணாச்சி. அங்கேயே 5,000 சதுர அடியைத் தாண்டிய வாடகை இடத்துக்குத்தான் துணை மீட்டர். நம் ஜங்ஷனில் அவ்வளவு பெரிய கடைகள் எத்தனை? கெடுவும் சட்டம் வந்து 15 ஆண்டு கழித்துத்தான். இங்கே பழைய வயரிங்கைப் பிரித்து, சுவரை உடைத்து, கடைக்கொரு லைன் இழுக்க வேண்டும். அந்தச் செலவை வாடகையில் ஏற்றினால் ஒப்புக்கொள்வீர்களா?

முருகன்குறிச்சி தையல்காரர்:
கடை சிறியது என்பதால்தான் எனக்கு வலிக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டாத வணிக இணைப்புக்கு மின்வாரியத்தில் யூனிட் விலை குறைவு. மொத்த இணைப்பில் மாட்டிக்கொண்டதால் அந்தச் சலுகை எனக்குக் கிடைப்பதில்லை.

வண்ணார்பேட்டை கட்டடக்காரர்:
அது தனி இணைப்பு வாங்குபவருக்கு. துணை மீட்டர் வைத்தால் அந்த விலை கிடைக்காது. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

பாளை எலக்ட்ரீசியன்:
அவர் சொல்வது சரிதான். ஆனால் துணை மீட்டர் இருந்தால் எரித்த யூனிட்டாவது தெரியும். மீட்டர் வைத்த வளாகங்களிலும் ஒன்றைப் பாருங்கள்: கடையின் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்த பிறகும் மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், மாடிப்படி விளக்கோ தண்ணீர் மோட்டாரோ அந்தக் கணக்கில் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். இப்படிக் கலந்த வயரிங்கை நானே பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

விளக்கு விஷயத்தில் விவாதமே தேவையில்லை. தாமிரச் சோக் வைத்த பழைய 36 வாட் டியூப் லைட், சோக்கையும் சேர்த்து 45 வாட்டுக்கு மேல் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. பட்டை அதே வெளிச்சம் தரும்.

வண்ணார்பேட்டை கட்டடக்காரர்:
விளக்கை மாற்றச் சட்டம் போட்டால் கையெழுத்திடுகிறேன். பொது இடத்து பில் என் தலையில்தானே விழுகிறது. மீட்டரைக் கட்டாயமாக்குவதை மட்டும் ஏற்க மாட்டேன். புதுக் கட்டடங்களுக்கு வைக்கட்டும்.

முருகன்குறிச்சி தையல்காரர்:
புதுக் கட்டடத்துக்கு மட்டும் என்றால் டவுனிலும் ஜங்ஷனிலும் பழைய வளாகங்களில் இருக்கும் நாங்கள் என்ன செய்வது? நியூயார்க் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: துணை மீட்டர் காட்டிய அளவை உரிமையாளர் மாதந்தோறும் வாடகைதாரருக்கு எழுத்தில் தர வேண்டும். அதற்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே மீட்டர் இருக்கும் வளாகங்களில் ரீடிங்கையும் யூனிட் விலையையும் மின்வாரிய பில்லின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். அதையாவது இந்த மாதமே தொடங்குவீர்களா?