கலைச்சொல்: கம்பனி பொருத்தி அனுப்பும் கணினிக்கு ஒரு பெயர் வேண்டும், வெள்ளிக்குள்

கிளிநொச்சி, செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் எங்கள் பாடசாலைக்கு ஆறு மேசைக்கணினிகள் அனுப்பியிருக்கிறார்கள். ஏதோ அலுவலகத்தில் சில வருடம் ஓடியவை. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அவற்றில் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருள் பழக ஆசைப்படுகிறார்கள். ஆனால் றம் 4 ஜிபிதான், கிராபிக்ஸ் காட் இல்லை, பவர் சப்ளை 240 வாட். காசு சேர்த்து மூன்றையும் மாற்றப்போகிறோம். சனிக்கிழமை பிள்ளைகளே கழற்றிப் போடுவார்கள். அவர்கள் கையில் கொடுக்க நாலு பக்கத்தில் ஒரு கைநூல் எழுதுகிறேன். வெள்ளி பின்னேரம் அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.

தாய்ப்பலகை, நினைவகம் எல்லாம் பாடப்புத்தகத்தில் பழகிய சொற்கள். எனக்கு முதல் வரியே இடறுகிறது. கம்பனி முழுதாகப் பொருத்தி விற்கும் கணினிக்கும், பாகம் பாகமாக வாங்கி நாங்களே பொருத்தும் கணினிக்கும் வேறு வேறு பெயர் வேண்டும். எதைக் கழற்றலாம், எது பொருந்தாது என்பதெல்லாம் அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. 'முன்கட்டமைக்கப்பட்ட கணினி' என்று எழுதிப் பார்த்தேன். ஒரு பிள்ளை வாசித்துவிட்டு, "ரீச்சர், இது முன்பக்கம் மட்டும் கட்டினதோ?" என்று கேட்டது. அழித்துவிட்டேன்.

வவுனியா, புதன் காலை

மகள், பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. 'முன்' இடத்தையும் சுட்டும், காலத்தையும் சுட்டும். முன்பனியில் காலம், முன்றிலில் இடம். இல்லின் முன் என்பதுதானே இடம் மாறி முன்றில் ஆயிற்று. பின்னால் வினை வந்தால் இரண்டில் எதுவென்று வாசிப்பவர் தடுமாறத்தான் செய்வார்.

நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளில் ஒன்று கொண்டுகூட்டு. செய்யுளின் பல அடிகளில் கிடக்கும் சொற்களை எடுத்துக் கொண்டுவந்து, ஏற்ற இடத்தில் கூட்டிப் பொருள் கொள்வது. கடை கடையாகப் பாகம் தேடிப் பொருத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? நாம் பொருத்துவது கொண்டுகூட்டுக் கணனி. கம்பனியுடையது நிறைகணனி.

புதுக்குடியிருப்பு, புதன் மதியம்

ஐயா, உங்களிடம் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 'கொண்டுகூட்டு' அழகான சொல். ஆனால் என் கடைக்கு வருகிறவர்களுக்கு அதை விளக்குவதற்குள் கடை பூட்டும் நேரம் வந்துவிடும். 'நிறைகணனி' என்றால் எத்தனை கிலோ என்றுதான் கேட்பார்கள்.

பாகங்களைப் பொருத்துவதை நாங்கள் சொல்வது பூட்டுறது. சைக்கிள் பூட்டுகிறோம், தண்ணீர்ப் பம்பி பூட்டுகிறோம், லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்துக்குப் பெட்டி பூட்டுகிறோம். கணினியும் அப்படித்தான். கம்பனியுடையது பூட்டிவந்த கணினி, எங்களுடையது நாங்கள் பூட்டிய கணினி.

ரீச்சர், சொல் இருக்கட்டும், பவர் சப்ளையை முதலில் பாருங்கள். பூட்டிவந்த கணினிகள் பலவற்றில் தாய்ப்பலகைக்குப் போகும் பிளக் வழக்கமான 24 ஊசிப் பிளக் இல்லை. போன மாதம் இப்படி ஒன்றைத் திறந்தேன். உள்ளே செம்புழுதி ஒரு விரல் தடிப்பு, மின்விசிறிக்குக் கீழே பல்லி முட்டை. துடைத்துவிட்டுப் பார்த்தால் தாய்ப்பலகையில் 6 ஊசிச் சொக்கெற். கடைச் சப்ளையை நேரே பூட்ட முடியாது, இடையில் மாற்று வயர் வேண்டும். சில பெட்டிகளில் சப்ளையின் வடிவமே வேறு, திருகாணித் துளை ஒன்றும் ஒத்துவராது. அளந்து பார்க்காமல் வாங்கவேண்டாம்.

கோவை, புதன் இரவு

ஆசிரியருக்கும் அய்யாவுக்கும் வணக்கம். 'பூட்டிவந்த கணினி' என்றால் தமிழ்நாட்டில் சாவியோ கடவுச்சொல்லோ இல்லாமல் திறக்க முடியாத கணினி என்றுதான் படிப்பார்கள். கலைச்சொல் ஒரு மாவட்டத்துக்கு மட்டும் ஆனதாக இருக்கக் கூடாது. தைத்து விற்கும் துணியை இங்கே ஆயத்த ஆடை என்கிறோம். அதே வழியில் ஆயத்தக் கணினி. இரு கரையிலும் புரியும், தூய தமிழும்கூட.

அப்புறம், அய்யா 'கணனி' என்று எழுதுகிறார். கணி என்ற வினையிலிருந்து வருவது கணினி. கணனம் வடசொல்.

வவுனியா, வியாழன் காலை

தம்பி, தூய தமிழ் என்கிறீர்கள். 'ஆயத்தம்' எந்த ஊர்ச் சொல் என்று ஒருக்கால் அகராதியைப் பாருங்கள். கணனி என்று எழுதியே ஒரு தலைமுறைக்குப் பாடம் சொன்னோம். இனி என் கை மாறாது.

ரொறன்ரோ, வியாழன் காலை

பூட்டு என்பதை அவ்வளவு லேசாகத் தள்ளவேண்டாம். உண் ஊட்டு ஆகிறது, காண் காட்டு ஆகிறது, பூண் பூட்டு ஆகிறது. நகை பூண்பதும், நுகம் பூண்ட எருதும், உலக்கைக்குப் போடும் பூணும் ஒரே வேர். ஒன்றோடொன்றைச் சேரப் பிணைப்பதுதான் மூலப் பொருள். கதவுப் பூட்டு அதன் ஒரு கிளை. ஏர்பூட்டு என்றால் தமிழ்நாட்டு உழவரும் ஏரைச் சாவி போட்டு மூடுவதாக எண்ணமாட்டார். ஐயா சொன்ன அதே பொருள்கோள் வரிசையில் விற்பூட்டும் இருக்கிறது: முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் வில்லின் இரு முனைபோல இணைவது.

பவர் சப்ளைக்கு என்ன எழுதுகிறீர்கள்?

கிளிநொச்சி, வியாழன் இரவு

வலு வழங்கி. இங்கே விஞ்ஞானப் பாடத்தில் வாட்டில் அளப்பது வலு. தமிழ்நாட்டில் அதையே திறன் என்பது தெரியும். ஆனால் என் பிள்ளைகளுக்குத் திறன் என்றால் கெட்டித்தனம்.

இந்தச் சொல் கணக்கோடு சேர்ந்து வருவதால் அதில் விட்டுக்கொடுக்க முடியாது. கிராபிக்ஸ் காட்டுக்குத் தாய்ப்பலகைச் சொருகி தருவது அதிகபட்சம் 75 வாட். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 75 வாட் காட் அதிலேயே ஓடும், தனி வயர் கேட்காதவையாகப் பார்த்து வாங்கினால். 120 வாட் இழுக்கும் ஜிடிஎக்ஸ் 1660 என்றால் வலு வழங்கியிலிருந்து தனி வயர் வரவேண்டும். 6 ஊசி வயர் 75 வாட் தரும், 8 ஊசி 150. பழைய வழங்கியில் அந்த வயரே இல்லை. பிள்ளைகள் இந்தக் கூட்டலைக் கையால் செய்துவிட்டுத்தான் திருகாணியில் கை வைக்கவேண்டும். 'வலு' என்றால் பலகையில் எழுதியதும் கணக்குப் போடுவார்கள்.

றம்மை நினைவகம் என்றே விட்டுவிட்டேன். டிடிஆர்3 வகை நினைவக அட்டையில் 240 ஊசி, டிடிஆர்4 வகையில் 288, வெட்டு இருக்கும் இடமும் வேறு. அமத்திப் போட முயலவேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். கிராபிக்ஸ் காட் வரைகலை அட்டை. அதில் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

கோவை, வெள்ளி காலை

வேர் ஒன்று என்பதை ஏற்கிறேன். ஆனால் படிப்பவர் வேரைப் படிப்பதில்லை, இன்றைய பொருளைத்தான் படிக்கிறார். ஏர்பூட்டில் ஏர் முன்னால் நின்று பொருளைக் காப்பாற்றுகிறது. கணினியை உண்மையிலேயே பூட்டலாம், திறக்கலாம். குழப்பம் அங்கேதான்.

கிளிநொச்சி, வெள்ளி பின்னேரம்

கோவை அண்ணாவின் எதிர்வாதம் சரியானது. அதனால்தான் இன்று காலை இரண்டையும் பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நின்றேன். ஆயத்தக் கணினி என்றால் என்ன என்று கேட்டதற்கு, "ஓன் பண்ணி வைச்சிருக்கிறது" என்றார்கள். பூட்டிவந்த கணினிக்கு ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. அது மட்டுமில்லை, தகப்பன் லான்ட்மாஸ்டர் ஓட்டும் ஒரு பிள்ளை கொப்பியில் தானாகவே 'கழற்றி மாற்றிப் பூட்டுறது' என்று எழுதியிருந்தாள். நான் அதற்குத் 'தரமுயர்த்தல்' என்று வைத்திருந்தேன். அது ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் சொல்லும் சொல். கைநூலின் தலைப்பை 'மாற்றிப்பூட்டல்' என்று திருத்திவிட்டேன்.

பூட்டிவந்த கணினி என்றே அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்தில், வேறு ஊர்களில் இது சாவியால் மூடியதைக் குறிக்கும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

வவுனியா, வெள்ளி இரவு

மாற்றிப்பூட்டல் நல்ல சொல். அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லு மகள். கொண்டுகூட்டை நான் கைவிடவில்லை.

கோவை, வெள்ளி இரவு

எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. விக்சனரி இணைய அகராதியில் இரண்டையும் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.

புதுக்குடியிருப்பு, வெள்ளி இரவு

ரீச்சர், நாளை எட்டு மணிக்கு வருவேன். மாற்று வயர் ஆறும் கிடைத்துவிட்டது. வருவதற்குள் கணினிகளை வெளி விறாந்தையில் வைத்துப் புழுதியை ஊதி எடுத்து வையுங்கள், முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு.