நாடாலிசுமாப்பிலிருந்து ஓக்ரலிசுமாப்புக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா?

எம்எஸ் (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்) என்ற நரம்பு நோய்க்கு 4 வாரத்துக்கு ஒருமுறை நாடாலிசுமாப் மருந்து ஏற்றிக்கொள்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. இப்போது ஜேசி வைரஸ் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்துவிட்டதால், இதையே தொடர்ந்தால் பிஎம்எல் என்ற மூளைத் தொற்று வரலாம் என்று டாக்டர் ஓக்ரலிசுமாப்புக்கு மாறச் சொல்கிறார். பழையதை நிறுத்திவிட்டு ரொம்ப நாள் சும்மா இருந்தால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பலாம், சட்டென்று மாறலாம் என்றாலும் பிஎம்எல் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறதா என்று எம்ஆர்ஐயில் பார்த்தாக வேண்டும், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

மாறியவர்கள் எத்தனை வாரம் இடைவெளி விட்டீர்கள்? ஓக்ரலிசுமாப்பின் முதல் டோஸை இரண்டாகப் பிரித்து 2 வார இடைவெளியில் ஏற்றுவார்களே, அன்றைக்கு அரிப்பு, தொண்டை கரகரப்பு இருந்ததா?

அப்புறம், ஊசி நாள் நெருங்கினாலே எனக்குக் கால் கனக்கும், சட்டைப் பட்டன் போட விரல் ஒத்துழைக்காது. 6 மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஓக்ரலிசுமாப்பில் கடைசி வாரங்கள் எப்படிப் போகின்றன? டாக்டரிடமும் கேட்பேன், பட்டவர்கள் சொன்னால் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.