குளம்பை நானே ராவ முதலில் எதை வாங்குவது?

கேள்வி:
லாடம் அடிக்காத பெண் குதிரை ஒன்று வைத்திருக்கிறேன், எட்டு வயது. 6 வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து குளம்பு வெட்டிவிட்டுப் போகிறார். நடுவில் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. அதை மட்டும் நானே சரிசெய்யலாம் என்று ஒரு பழைய அரத்தை எடுத்தேன். ஒரு முன்னங்காலை முடிப்பதற்குள் தோள் விட்டுப்போச்சு, குதிரையும் காலைப் பிடுங்கிக்கொண்டது. கத்தி, குறடு, அரம் மூன்றையும் புதிதாக வாங்கிவிடட்டுமா?

பதில்:
தம்பி, அரம் மட்டும் வாங்குங்கள். 14 அங்குலக் குளம்பு அரம், ஒரு பக்கம் பெரிய பல், மறு பக்கம் பொடிப் பல். தோள் வலியும் குதிரை காலைப் பிடுங்கியதும் ஒரே கோளாறுதான். மழுங்கிய அரம் வழுக்கும். வழுக்கினால் நாம் அழுத்துவோம், அழுத்த அழுத்த அதன் மூட்டு முறுக்கும். புது அரத்தை வைத்துப் பாருங்கள், தன் கனத்திலேயே கடிக்கும். குதிகால் பக்கமிருந்து நுனிக்குத் தள்ளுங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். இழுத்துத் தேய்த்தால் பல் வீணாகிவிடும்.

சில்லு பெயர்வதற்கு மருந்து, ஓரத்தின் கூர்மையை எடுப்பதுதான். காலை முன்னால் நீட்டித் தாங்கியில் வைத்து, வெளிச்சுவரின் அடி விளிம்பைப் பொடிப் பல்லால் உருட்டிவிடுங்கள். விரலை ஓட்டினால் எங்கும் இடறக் கூடாது. ராவும்போது சத்தத்தையும் கவனியுங்கள். அரம் ஒட்டி உட்கார்ந்திருந்தால் ஒரே சீராக வரும், சாய்ந்தால் கீச்சிடும். நாலைந்து தள்ளலுக்கு ஒருமுறை நிறுத்தி, குதிகால் பக்கமிருந்து நேராகப் பாருங்கள். வலக்கை, இடக்கை எதுவானாலும் ஒரு பக்கம் நமக்குத் தெரியாமலே தாழ்ந்துவிடும்.

குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். 6 வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வெட்டுகிறார் என்றால் நீளத்தை நறுக்கும் குறடு உங்களுக்குத் தேவைப்படாது.

கத்தியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழகிய புதிதில், குளம்பின் அடித்தட்டு வெண்மையாக, சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று சீவிக்கொண்டே போனேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் சரளைக்கல்லில் அந்தக் குதிரை ஒவ்வோர் அடியையும் யோசித்து யோசித்து வைத்தது. இரண்டு வாரம் அதை மண்தரையிலேயே கட்டிவைத்தேன். அந்த நடை இன்னும் கண்ணில் நிற்கிறது. கட்டைவிரலால் அழுத்தும்போது அடித்தட்டு அமுங்கினாலோ, இளஞ்சிவப்பு தட்டினாலோ கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். தானாக உதிரும் செதிலையும், நடு முக்கோண மெத்தையில் தொங்கும் கிழிசலையும் எடுத்தால் போதும்.

இன்னொரு பதில்:
அண்ணா சொன்னதோடு ஒன்று. பின்னாளில் கத்தி வாங்கினால் இடக்கைக் கத்தி, வலக்கைக் கத்தி தனித்தனி என்பதைப் பார்த்து வாங்குங்கள். முனை வளைவுக்குள் சாணைக்கல் போகாது, மெல்லிய உருண்டை அரத்தால்தான் தீட்ட வேண்டும். வறண்ட குளம்பு கல் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் தண்ணீரில் நிற்கவைத்த பிறகு சீவினால் கத்தி நழுவாது. ஆனால் குளம்பு அரத்தை ஈரத்தோடு போட்டுவிடாதீர்கள். கம்பித் தூரிகையால் தட்டி, துடைத்து வையுங்கள், துரு பிடித்தால் பல் போச்சு.

கேட்டவர்:
புது அரம் வாங்கிவிட்டேன், அண்ணா. இன்று முன்னங்கால் இரண்டும் விளிம்பு உருட்டினேன், ஒருமுறைகூடக் காலைப் பிடுங்கவில்லை. இடது குளம்பில் உட்பக்கம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரித் தெரிகிறது. அதைத் தொடாமல் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் குளம்பு வெட்டுபவர் வருகிறார், அவர் பக்கத்தில் இருக்கும்போது பார்த்துக்கொள்கிறேன்.