புதுப்பிப்பு: தூக்கத்தில் துடித்த பூனைக்குட்டிகள்

ஐந்து நாள் குட்டிகள் மூன்றும் தூக்கத்தில் வெட்டி வெட்டித் துடிக்கின்றன, வலிப்பாக இருக்குமோ என்று 10 நாட்களுக்கு முன் பதறி எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்ன அனைவருக்கும் நன்றி. மூன்றும் நலம்.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டார். அது வலிப்பு அல்ல. இந்த வயதில் குட்டிகள் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். அப்போது காலும் காதும் மீசையும் துள்ளுவது வளரும் நரம்பு மண்டலத்தின் இயல்பு. மெல்லத் தொட்டு எழுப்பினால் துடிப்பு நின்றுவிடுகிறது, குட்டி உடனே தலையை ஆட்டிப் பால் தேடுகிறது. இதைத்தான் நான் கவனிக்கத் தவறினேன். எழுப்பியும் நிற்காமல் உடல் விறைத்தால் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

அவர் அதிகம் வற்புறுத்தியது எடையை. ஒரு நாளைக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் கூட வேண்டுமாம். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பார்க்கிறேன். சின்னவள் இரண்டு நாள் ஏறவே இல்லை; மற்ற இருவரும் அவளைத் தள்ளிவிட்டுக் குடித்திருக்கிறார்கள். தாயின் பின்காம்பில் அவளைத் தனியாகச் சேர்த்துப் பிடித்தேன். மறுநாள் 11 கிராம்! கண் கலங்கிவிட்டது.

குவியலாகத் தூங்குவது சூட்டுக்காக. முதல் சில வாரங்கள் உடற்சூட்டைத் தாமே காக்க அவற்றால் முடியாது.

கண்கள் திறந்துகொண்டிருக்கின்றன, நீலமாக. தானாகத் திறக்கட்டும், விரலால் பிரிக்காதீர்கள். நேற்று என் கை வாசனை பட்டதும் பெரியவன் சீறினான். அதுவும் இயல்புதான்.