ரேடியாலஜிஸ்ட் சோர்வு: ஏஐ வாங்குவதா, இருப்பதைச் சரிசெய்வதா?

கடலூர்_ஸ்கேன்
வணக்கம். கடலூரில் ஸ்கேன் சென்டர். சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் மூன்றுக்கும் இரண்டே டாக்டர்கள். சாயங்காலத்துக்குள் இருவருக்கும் கண் எரிகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது. நிர்வாகம் ஏஐ மென்பொருள் வாங்கித் தரத் தயார். அந்தப் பணத்தை வேறு எதில் போட்டால் சுமை குறையும்?

புதுவை_பாக்ஸ்
ஏஐ அப்புறம் டாக்டர். முதலில் படம் திறக்க ஆகும் நேரத்தைப் பாருங்கள். சி.டி. ஸ்லைஸ் (ஒரு குறுக்குவெட்டுப் படம்) ஒன்று 512×512 பிக்சல், பிக்சலுக்கு 2 பைட், ஆக அரை எம்.பி. ஆயிரம் ஸ்லைஸ் 500 எம்.பி. நெட்வொர்க் லிங்க் விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் குறைந்தது 40 விநாடி. ஜிகாபிட்டில் 4 விநாடி. சர்வர் புதிதாக இருக்கும், நடுவில் பழைய சுவிட்சோ, நாலு கம்பி மட்டும் கிரிம்ப் செய்த கேபிளோ வேகத்தைக் கெடுக்கும்.

அடுத்தது பழைய ஸ்கேன். அப்பாயின்ட்மென்ட் போட்டதுமே அது தானாக டாக்டர் படம் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட வேண்டும். வராததற்கு வழக்கமான காரணம், ரிசப்ஷனில் அதே நோயாளிக்குப் புது ஐ.டி. போடுவது. செல் நம்பரை வைத்துத் தேடிய பிறகே புது ஐ.டி. என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

ரீடிங்_ரூம்
கண் எரிச்சலுக்கு மானிட்டரும் வெளிச்சமும் காரணமாக இருக்கலாம். மானிட்டரின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 350 கேண்டெலாவாவது வேண்டும், மேமோகிராமுக்கு 420. டைகாம் கிரேஸ்கேல் காலிபரேஷனும் (சாம்பல் நிற அளவுகள் மருத்துவப் படத் தரப்படி தெரியும்படி மானிட்டரைச் சரிசெய்வது) அவசியம். அறையைக் கும்மிருட்டாக்காதீர்கள், மானிட்டருக்குப் பின்னால் மங்கலான விளக்கு போதும்.

ரிப்போர்ட் எழுத டெம்ப்ளேட், குரல் டைப்பிங் இரண்டும் நேரத்தை நிஜமாகவே மிச்சப்படுத்தும். ஆனால் கவனம்: எல்லாம் நார்மல் என்று முன்பே நிரப்பிய டெம்ப்ளேட்டில், பித்தப்பை எடுத்த நோயாளிக்கும் 'பித்தப்பை நார்மல்' என்றே போய்விடும். அந்தக் கட்டங்களைக் காலியாக வையுங்கள். நிரப்பாமல் சைன் ஆகக் கூடாது. குரல் டைப்பிங்கில் 'நோ' ஒன்று விழுங்கப்பட்டால் எலும்பு முறிவே இல்லாதவருக்கு முறிவு வந்துவிடும். இம்ப்ரெஷனையாவது (ரிப்போர்ட்டின் முடிவுரையை) திரும்பப் படித்தே தீர வேண்டும்.

புதுவை_பாக்ஸ்
'ரிப்போர்ட் ரெடியா?' என்ற போனையும் நிறுத்துங்கள். வார்டுக்கு ரிப்போர்ட் ஸ்டேட்டஸை பிரவுசரிலேயே காட்டும் வெப் வியூவர் கொடுத்தால் பாதி அழைப்பு வராது. மூளை ரத்தக்கசிவு போன்ற அவசரத்துக்குத் தனி எண். கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்குச் சட்டப்படி நிரப்பும் எஃப் படிவத்தில் பெயர், முகவரி எல்லாம் ரிசப்ஷன் பதிவிலிருந்தே இறங்கட்டும். ஆனாலும் பார்த்துத்தான் கையெழுத்து போட வேண்டும்; ஒரு கட்டம் விட்டுப்போனாலும் சட்டமீறல் என்பதை 2019இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்திருக்கிறது.

கடலூர்_ஸ்கேன்
பார்த்தாயிற்று சார், லிங்க் ஸ்பீட் 100தான் காட்டுகிறது. சுவிட்சை மாற்றச் சொல்லியிருக்கிறோம்.

புதுவை_பாக்ஸ்
முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு. புது சுவிட்ச் வந்தால் அதையும் யூ.பி.எஸ்.ஸில் கொடுங்கள். சர்வருக்கு மட்டும் கொடுத்தால் கரண்ட் போனதும் படம் பாதியில் நிற்கும்.