கீசர் போடும் சத்தத்துக்கு ஒரு சொல்: ‘உப்புப் பொரிதல்’ சரியா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

வீட்டுக் கொதிகலன் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பிரிட்டன் வீடுகளுக்காக எழுதப்பட்டது. அதில் ‘கெட்லிங்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பழைய கொதிகலனுக்குள்ளிருந்து கெட்டில் கொதிப்பதுபோல் வரும் இரைச்சலுக்கு அவர்கள் வைத்த பெயர்.

சத்தம் எனக்குப் புதிதல்ல. பெங்களூரு ஹொரமாவில் எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் வரவில்லை, போர் தண்ணீர்தான். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தரக்கணக்கு. எங்கள் போர் அந்த 600-ஐயும் தாண்டியது. பன்னிரண்டு வருடம் உழைத்த கீசர், சுவிட்சைப் போட்ட ஐந்தாவது நிமிடம் ‘ஸ்ஸ்’ என்று தொடங்கும், பிறகு படபட, கடைசியில் உள்ளே யாரோ ஜல்லி உருட்டுவார்கள். “திருஷ்டி சுத்தி அடுப்புல போட்ட உப்பு மாதிரி பொரியுதே” என்றார் அம்மா.

போன ஞாயிறு மெக்கானிக் வந்து கழற்றினார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். ஹீட்டர் காயில் கிளிஞ்சல் ஒட்டிய கயிறுபோல வெளியே வந்தது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் ஓடு ஓடாக உதிர்ந்தது. தொட்டியின் அடியிலிருந்து ஒரு மக் நிறைய வெள்ளை நொய். தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பி இருந்த இடத்தில் துருப்பிடித்த ஒரு நூல்தான் மிச்சம். “உப்பு கட்டிக்கிச்சு சார், வேற ஒண்ணுமில்ல” என்று புதுக் காயிலும் கம்பியும் போட்டுவிட்டுப் போனார். இப்போது வீடு அமைதி.

அம்மா சொன்னதையும் மெக்கானிக் சொன்னதையும் சேர்த்து ‘உப்புப் பொரிதல்’ என்று வைக்கலாமா?

– ஹொரமாவு

---

ஐயா,

சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் சமையலறை வாடை. ‘கெண்டியொலி’ என்று வைத்தால் மூலத்தோடு ஒட்டும். அல்லது ‘உலையொலி’. அரிசி போடுவதற்கு முன் உலை இரையுமே, அதே சத்தம்தானே?

– ஜெயநகர்

---

அக்கா,

கெண்டியை நாம் அடுப்பில் ஏற்றுவதே இல்லை. மூக்கு வழியாகத் தண்ணீர் ஊற்றுகிற பாத்திரம் அது. பெயரின் சாயலை நம்பி ‘கெண்டியொலி’ என்று எழுதினால், வாசிப்பவர் தண்ணீர் ஊற்றும் சத்தம் என்றுதான் நினைப்பார். ‘உலை’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அதைக் கொல்லரும் வைத்திருக்கிறார், கல்பாக்கமும் வைத்திருக்கிறது. ‘உலையொலி கேட்டால் அஞ்சவேண்டாம்’ என்று ஒரு கையேட்டில் அச்சடிக்க எனக்குத் தைரியம் போதாது.

– ஹொரமாவு

---

அன்புள்ள ஹொரமாவு நண்பருக்கு,

முப்பது வருடம் திருவெறும்பூரில் கொதிகலனோடு குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் இரண்டு வார்த்தை.

ஒன்று, ‘வீட்டுக் கொதிகலன்’ என்பதே இடிக்கிறது. பிரிட்டன் வீட்டில் இருக்கும் பாய்லர் தண்ணீரைக் கொதிக்கவைப்பதில்லை. குளிக்கவும் அறையைச் சூடாக்கவும் 60, 70 டிகிரிக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவே. ‘வெந்நீர்க்கலன்’ என்று எழுதுங்கள். கொதிக்கக் கூடாத கலனுக்குள் ஏதோ ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் கொதிக்கிறது, அதனால்தான் சத்தம். கலனையே கொதிகலன் என்றுவிட்டால் அந்தக் கோளாறு வாசகருக்குக் கோளாறாகவே தெரியாது.

இரண்டு, பொரிவது உப்பல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகக் காயிலின்மேல் படிகிறது. அந்தப் படிவின் இடுக்கில் அகப்பட்ட நீர் நகரமுடியாமல் சூடேறி ஆவிக்குமிழாகிறது. குமிழ் வெளியே வந்து ஆறின நீரில் பட்டதும் படக்கென்று ஒடுங்குகிறது. அந்த ஒடுக்கம்தான் ஓசை. ஆகவே ‘படிவுக் கொதியொலி’ என்பது என் பரிந்துரை.

– திருச்சி

---

ஐயா,

வெந்நீர்க்கலன் விஷயத்தில் முழுச் சரண். கையேடு முழுக்க மாற்றிவிட்டேன், நாற்பத்தேழு இடம்.

பொரிதலை மட்டும் விட மனம் வரவில்லை. உங்கள் விளக்கத்தைப் படித்த பிறகு பிடிவாதம் கூடிவிட்டது. அடுப்பில் போட்ட கல்லுப்பு ஏன் வெடிக்கிறது? உப்பளத்தில் படிகமாகும்போதே உள்ளே சிறைப்பட்ட நீர், சூட்டில் ஆவியாகி, வழியில்லாமல் கல்லை உடைத்துக்கொண்டு வருகிறது. அங்கேயும் சத்தம் போடுவது அகப்பட்ட நீர்தான்! ஒரு பக்கம் கல் உடைகிறது, மறு பக்கம் குமிழ் ஒடுங்குகிறது என்ற வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அம்மா உவமைக்குச் சொன்னது இயற்பியலுக்கு இவ்வளவு நெருக்கமாக வந்து உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கால்சியம் கார்பனேட்டும் வேதியியல் கணக்கில் உப்புதானே.

‘படிவுக் கொதியொலி’யில் இன்னொரு சங்கடம், அதை வினையாக்க முடியாது. “கீசர் படிவுக்கொதியொலிக்கிறது” என்று எந்த மெக்கானிக்கிடம் போனில் சொல்வது? “உப்பு பொரியுதுப்பா” என்றால் சாமானோடு வந்துவிடுவார்.

கையேட்டில் மற்ற சத்தங்களையும் பிரித்தாகவேண்டும். சூட்டில் தகடு விரிவதால் வருவது ‘சடசடப்பு’, ஆபத்தில்லை. பாதுகாப்பு வால்வு விடாமல் ஆவியைக் கக்கினால் அது ‘சீறல்’. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடவேண்டும். அந்த வரியைக் கொட்டை எழுத்தில் போடுகிறேன். உப்புப் பொரிதல் இவற்றுக்கு நடுவில். இன்றைக்கே ஆபத்தில்லை, ஆனால் கரண்ட் பில்லைத் தின்னும், விட்டுவைத்தால் காயிலையும் தின்னும். தெர்மோஸ்டாட்டை 60-க்குக் குறைத்தால் படிவது மட்டுப்படும் என்பதையும் அதே பக்கத்தில் சேர்க்கிறேன்.

குழாயை வெடுக்கென்று மூடினால் சுவருக்குள் ‘டம்’ என்று இடிக்குமே, வாட்டர் ஹாமர், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். ‘நீர்ச்சம்மட்டி’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.

– ஹொரமாவு